தமிழுக்கு ஒடுங்கிய தடித்த எழுத்து ஒத்துவராதா?

மே 18 – பாலக்கோடு வாசகர் ஒருவரின் கேள்வி

ஆங்கிலத்தில் இம்பாக்ட், பெபாஸ் நியூ, ஆன்டன் என்று ஒல்லியாக, உயரமாக, கனமாக எத்தனையோ எழுத்துருக்கள் கிடைக்கின்றன. கடைப் பலகையில் போட்டால் சாலையின் மறுபக்கத்திலிருந்தே கண்ணில் படுகின்றன. அதே பலகையில் தமிழை வைத்தால் அகலம் போதவில்லை, அமுக்க வேண்டியிருக்கிறது. அமுக்கினால் பார்க்கச் சகிக்கவில்லை. தமிழ் எழுத்து உருண்டையானது, அதன் உடல்வாகுக்கு இந்தப் பாணி ஒத்துவராது என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

மே 18, இரவு – என் பதில்

மறுக்கிறேன். ஒடுக்கமாக வரைவது ஒரு வேலை. அகலமாக வரைந்து வைத்ததைப் பக்கவாட்டில் அமுக்குவது வேறு வேலை. தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் பலகைகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

தடித்த எழுத்து ஒன்றில் நிற்கும் கோடும் படுத்திருக்கும் கோடும் ஆளுக்கு 100 அலகு தடிமன் என்று வையுங்கள். 60 சதவீதத்துக்கு அமுக்கினால் நிற்கும் கோடு 60 ஆகிவிடும்; படுத்திருக்கும் கோடு 100 ஆகவே இருக்கும். 'ட'வின் அடிக்கோடு பருத்து, முதுகு மெலிந்து நிற்கும். நீங்கள் சகிக்கவில்லை என்று சொல்வது இந்தத் தடிமன் புரட்டைத்தான்.

இம்பாக்டை யாரும் அமுக்கிச் செய்யவில்லை. ஜெஃப்ரி லீ அதை ஒடுக்கமாகவே வரைந்தார். ஷெஃபீல்டிலிருந்த ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகம் 1965இல் அதை உலோக எழுத்தாக வெளியிட்டது. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த அதே ஆண்டு. அதில் ஆங்கில 'ஓ'வைப் பாருங்கள். பக்கங்கள் வளையவே இல்லை. மேலும் கீழும் மட்டும் மூலை மழுங்கிய ஒரு நீள்சதுரம் அது. அகலம் குறைந்தபோதும் நிற்கும் கோடு கனமாகவே இருக்கும்படி, உள்ளே இருக்கும் வெள்ளையைத் தெரிந்தே குறைத்திருக்கிறார்கள். எந்த வெள்ளையைக் குறைப்பது, எதைக் காப்பது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாக ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்தார். தமிழுக்கு அப்படி உட்கார்ந்தவர்கள் குறைவு. குறை அங்கே இருக்கிறது, எழுத்தின் உடல்வாகில் இல்லை.

மே 19

ஆங்கிலத்துக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். அதற்குப் பெரிய எழுத்து உண்டு. பெபாஸ் நியூவில் சிறிய எழுத்தே கிடையாது. எல்லாம் பெரிய எழுத்து, எல்லாம் ஒரே உயரம், மேலே கீழே எதுவும் நீட்டாது. வரிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் இடையில் ஒரு நூல் இடைவெளி போதும்.

ஒடுங்கிய எழுத்தை அடுக்கும் வழக்கம் அச்சுத் தொழிலில் பிறந்தது. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் மரத்தில் எழுத்துக் குடையும் இயந்திர முறையைக் கொண்டுவந்தார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பேன்டோகிராஃப் கருவியைச் சேர்த்தார். ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளில் மர எழுத்து வெட்ட முடிந்தது. சுவரொட்டி அச்சிடுபவர் முன்னால் இருந்த சிக்கல் ஒன்றுதான்: தாளின் அகலம் மாறாது, சொல்லின் நீளம் மாறும். ஆகவே குறுகிய சொல்லுக்கு அகல எழுத்து, நீண்ட சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்து என்று வரிக்கு வரி மாற்றிக் கோத்தார்கள். 1903இல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்நேட் காதிக் மூன்று அகலங்களில் வந்ததற்கும் இதே தேவைதான் காரணம். இன்று இலவசமாகக் கிடைக்கும் லீக் காதிக் அதன் மறுபிறப்பு.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. புள்ளி மேலே ஏறும், மேல்விலங்கும் ('கி', 'டி' ஆகியவற்றின் மேல்வளைவு) மேலே ஏறும், 'பு'வின் வால் கீழே இறங்கும். ஆகவே ஆங்கிலத்தின் அடுக்கு உத்தியை அப்படியே கொண்டுவர முடியாது. அதற்காக ஒடுக்கவே முடியாது என்று முடிவு கட்டுவது அவசரம்.

மே 19, மாலை

"உருண்டை" என்பதற்குத் தனியாக ஒரு பதில். ட, ப, ம, ய, ர, துணைக்கால்: இவற்றில் எது உருண்டை? சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஊரின் பெயரை எழுதிப் பாருங்கள். பாப்பாரப்பட்டி. கடைசி மேல்விலங்கையும் புள்ளிகளையும் விட்டால் முழுக்க நேர்கோடு. இதைவிட ஒடுக்க எழுத்துக்குத் தோதான ஊர்ப்பெயரை ஆங்கிலத்திலும் தேட வேண்டும்.

மே 21

இப்போது எதிர்த்தரப்புக்கு உரிய பெயர். தேன்கனிக்கோட்டை.

பேருந்தின் முன்பலகைக்கு இதைவிடக் கடினமான சோதனை நம் பக்கத்தில் கிடையாது. உச்சரித்தால் எட்டு எழுத்து. வரைந்தால் இரட்டைக்கொம்பு, த, ன், க, னி, க், மறுபடி இரட்டைக்கொம்பு, க, துணைக்கால், ட், இணைக்கொம்பு, ட என்று பன்னிரண்டு உருவங்கள். ஆங்கிலத்தில் பதின்மூன்று. எண்ணிக்கை ஏறத்தாழ சமம். ஆனால் ஆங்கில உருவம் ஒவ்வொன்றிலும் நிற்கும் கோடு ஒன்றோ இரண்டோதான். நம் 'னி'யில் சுழிகளையும் மேல்விலங்கையும் சேர்த்தால் எத்தனை கோடுகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன என்று பாருங்கள்.

அமுக்கும்போது முதலில் சாவது இரட்டைக்கொம்பின் மேல்சுழி. தடித்த கோட்டில் அந்தச் சின்ன வெள்ளை அடைந்துவிடும். தூரத்திலிருந்து ஒற்றைக்கொம்பாகத் தெரியும். தேன் தென் ஆகிவிடும். அதைவிட மோசம், கோட்டை கொட்டை ஆகிவிடும். ஓசூர் சாலையில் அப்படி ஒரு பலகையைப் பார்த்தேன். உள்ளூர்க்காரர் பழக்கத்தில் சரியாகப் படித்துவிடுவார். வெளியூர்க்காரருக்குத்தானே ஊர்ப்பலகை வைக்கிறோம்?

இரண்டாவது ஆபத்து 'ன'வும் 'ண'வும். மூன்று சுழியும் இரண்டு சுழியும் அமுக்கலில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். கிருஷ்ணகிரியில் 'ஷ்' ஏற்கெனவே நெரிசல். பக்கத்திலேயே 'ண' வந்து நிற்கிறது.

ஆகவே தமிழை ஒடுக்க வரைபவர் எல்லா எழுத்தையும் ஒரே விகிதத்தில் ஒடுக்கக் கூடாது. ப, ட, ர, துணைக்கால் ஆகியவற்றிலிருந்து அகலத்தை எடுத்து ண, ஞ, ஷ, ஐ ஆகியவற்றுக்குக் கொடுக்க வேண்டும். கோட்டின் தடிமனும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'ண'வின் உள்கோடுகள் வெளிக்கோட்டைவிட மெலிந்தால்தான் முழு எழுத்தும் அருகிலிருக்கும் 'ப' அளவுக்குக் கறுப்பாகத் தெரியும்.

மே 22

நேற்று எழுதியது ஏட்டுக் கணக்கு மாதிரி இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏட்டில் படித்ததல்ல. தருமபுரியில் போர்டு எழுதும் பெரியவர் ஒருவரிடம் நான் சிறுவயதில் எடுபிடியாக இருந்தேன். எனாமல் டப்பாவைக் கலக்குவதும் நூலில் சாக்பொடி தடவிக் கோடு அடிப்பதும் என் வேலை. பிளக்ஸ் வந்து அவர்கள் தொழிலை ஓரம் கட்டுவதற்கு முந்தைய காலம்.

அவர் முதலில் சொல்லை எழுதமாட்டார். பலகையின் அகலத்தைப் பார்ப்பார், சொல்லில் எத்தனை சுழி என்று பார்ப்பார், பிறகுதான் சாக்பீஸை எடுப்பார். இடம் குறைவு என்றால் வட்டங்களின் பக்கங்களைத் தட்டையாக்கிவிடுவார். மேலும் கீழும் மட்டும் வளைவு. இம்பாக்டின் 'ஓ'வுக்கு ஷெஃபீல்டில் செய்த அதே வேலை. அவர் அதைப் பார்த்ததே கிடையாது. பட்டை பிரஷ் அந்த வழிக்குத்தான் கையைக் கொண்டுபோகும்.

புள்ளியை வளையமாகப் போடமாட்டார். முழுதாக அடைத்த சின்னச் சதுரம். அதையும் எழுத்தின் நடு உச்சியில் வைக்காமல் வெள்ளை இருக்கும் பக்கம் பார்த்து இறக்கி வைப்பார். 'ட்' எழுதும்போது 'ட'வின் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது அல்லவா, புள்ளி அந்த வெறுமைக்குள் இறங்கிவிடும். அதனால் மேலே உயரம் மிச்சமாகும். மிச்சமான உயரத்தில் எழுத்தைப் பெரிதாக்கலாம். மேல்விலங்கை உயரமாக வளைக்காமல் தாழ்வாக இழுப்பார். 'பு', 'டு' வால்களைப் பாதியில் வெட்டிவிடுவார். இரண்டு வரிப் பலகையில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் விலங்கும் மோதும் இடம் தெரிந்தால் கீழ்வரிச் சொல்லைச் சற்றே நகர்த்துவார்.

இதெல்லாம் ஓர் எழுத்துரு வரைபவருக்கு வேண்டிய முழுப் பாடம். பென்னாகரம் சாலையில் அவர் எழுதிய பலகைகள் சில வெயிலில் வெளுத்து இன்னும் நிற்கின்றன. அவற்றைப் புகைப்படம் எடுத்துவையுங்கள் என்று இதைப் படிக்கும் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

மே 24

பல மொழிகள் வரும் பலகையில் தமிழுக்கு இடம் போதவில்லையே, என்ன செய்வது என்று கேட்ட ஓசூர் வாசகருக்கு. கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் வந்தால் 5:3:2 என்ற விகிதத்தில் இடம் தர வேண்டும் என்பது தமிழக விதி. உங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பலகையில் வருவதால் இடப் பிரச்சினை தருமபுரியைவிட அதிகம்.

ஆனால் விடை அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. ஒடுக்க வேண்டியது ஆங்கிலத்தை. ஒடுங்கிக் கனக்கும் எழுத்து ஆங்கிலத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பண்பட்டது. பத்தில் மூன்று பங்கு இடத்தில் அது கம்பீரமாக உட்காரும். தமிழுக்கு அதன் பாதி இடத்தை முழுதாகக் கொடுத்து இயல்பான அகலத்தில் விடுங்கள். நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. ஆங்கிலத்தை அகல எழுத்தில் பரப்பிவிட்டு, மிச்ச இடத்தில் தமிழை அமுக்குகிறோம்.

இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது ஒரு விஷயம். ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தைத் தமிழில் 'க'வின் உடல் உயரத்தோடு சமமாக்குங்கள், மேல்விலங்கின் உச்சியோடு அல்ல. மேல்விலங்கோடு சமமாக்கினால் தமிழ் குட்டையாகத் தெரியும்.

மே 25

கிருஷ்ணகிரி மாம்பழப் பெட்டிகளைப் பற்றி யாருமே எழுதவில்லை என்பது ஆச்சரியம். பருவம் தொடங்கிவிட்டது. அல்போன்சாவும் தோத்தாபுரியும் கூழ் ஆலைகளுக்குப் போகும் இந்த நாட்களில் அட்டைப்பெட்டிகள் மலைபோல் அடுக்கியிருக்கும். தடித்த எழுத்தின் உண்மையான பரீட்சை அங்கேதான் நடக்கிறது.

நெளி அட்டை மையை உறிஞ்சும், மை ஓரங்களில் பரவும். கணினித் திரையில் திறந்திருந்த சுழி அட்டையில் மூடிக்கொள்ளும். ஆகவே பெட்டிக்கு வரையும்போது திரையில் கொஞ்சம் மெலிவாகத் தெரிவதைத் தேர்ந்தெடுங்கள். அட்டை அதைத் தடிக்க வைத்துவிடும். கோடுகள் சேரும் உள்மூலைகளில் சிறு வெட்டு விட்டுவைப்பதும் உதவும். அமெரிக்கத் தொலைபேசிக் கையேட்டுக்காக மேத்யூ கார்ட்டர் 1978இல் வரைந்த பெல் சென்டினியல் எழுத்துருவில் இந்த வெட்டுகளைப் பெரிதாகவே பார்க்கலாம். மட்டமான தாளில் மை வந்து அந்த வெட்டை நிரப்பும்போது எழுத்து சரியான வடிவத்துக்கு வரும். 'ண'வின் இடுக்குகளுக்கும் இரட்டைக்கொம்பின் கழுத்துக்கும் அந்த வெட்டு இருந்தால் நம் பெட்டிகள் எவ்வளவு தெளிவாக இருக்கும்!

மே 27

தமிழை அமுக்குகிறார்கள் என்று பிளக்ஸ் கடைக்காரர்களை இங்கே பலர் திட்டியிருக்கிறார்கள். நானும் அச்சகத்தில் வடிவமைப்பு செய்பவன் என்பதால் அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

பல கடைகளில் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்புகள் ஓடுகின்றன. அவற்றில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகச் சேராது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதனால் யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் வந்த பழைய எழுத்துருக்களையே நம்பியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்புகளில் எனக்குத் தெரிந்து ஒடுக்கமாக வரைந்த நல்ல தடித்த தமிழ் மிகக் குறைவு. வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், மாலைக்குள் பேனர் கட்ட வேண்டும், எழுத்து பலகைக்குள் அடங்கவில்லை. கை தானாகத் திரையில் எழுத்தின் ஓரத்துப் பிடியைப் பிடித்து அமுக்குகிறது.

மென்பொருளை மாற்றாமலே ஒரு வழி உண்டு. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். அதில் யூனிகோடு தமிழ் சரியாகச் சேரும், பதிப்பு 1.0 முதல், மாறும் எழுத்துருக்களின் (ஒரே கோப்பில் பல அகலமும் தடிமனும் உள்ளவை) அகலத்தையும் தடிமனையும் அங்கேயே நகர்த்தலாம். சொல்லை அங்கே அமைத்து, கோட்டுருவாக மாற்றி, பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கோரலுக்குள் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. நான் தினமும் இப்படித்தான் செய்கிறேன். பழகிவிட்டால் நேரம் பெரிதாக ஆவதில்லை.

மே 28

நடுகல் பற்றிக் கேட்டவருக்கு. இழை திசை மாறுகிறது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது.

தருமபுரி அகழ் வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களின் வட்டெழுத்தைப் பார்த்துவிட்டு "தமிழ் எப்போதும் வளைவுதான்" என்கிறீர்கள். அதற்கும் முன்னால் போங்கள். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த கல்வெட்டு நம் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்வது. தமிழ்ப் பிராமி எழுத்து. ஒரே தடிமன், பெரும்பாலும் நேர்கோடுகள், முனையில் அலங்காரம் கிடையாது. இன்றைய வடிவமைப்பாளர் அலங்காரமற்ற எழுத்து என்று எதைச் சொல்கிறாரோ அதன் இலக்கணம் முழுதும் அதில் இருக்கிறது. கல்லில் உளி ஒன்று செய்தது, பிறகு ஓலையில் எழுத்தாணி வேறொன்று செய்தது, அச்சின் ஈயம் இன்னொன்று செய்தது. எழுத்து ஒவ்வொரு கருவிக்கும் வளைந்து கொடுத்து வந்திருக்கிறது.

அண்மைக் காலத்திலும் நடந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த பழைய வடிவங்களும் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களும் போயின. அச்சுக்கோப்பவருக்கு அது பெரிய விடுதலை. எனக்கும் அதில் முழு உடன்பாடு. ஆனால் அகலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பழைய 'னா' துணைக்காலைத் தனியாக வைக்காமல் கீழே சுழித்து முடிந்ததால் குறைந்த இடத்தில் அடங்கியது. பழைய சுவர்களில் பெயின்டர்கள் அதை விடாமல் வைத்திருந்ததற்கு இடமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மே 30

எந்த எழுத்துருவைப் பயன்படுத்துவது என்று கேட்டே பாதிப் பேர் வருகிறார்கள். என் தேர்வைச் சொல்கிறேன்.

மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் 2022இல் வெளியிட்ட அனேக் தமிழ். அகலம் 75 முதல் 125 வரை (100 இயல்பான அகலம்), தடிமன் 100 முதல் 800 வரை நகரும். 75க்கும் 800க்கும் கொண்டுபோய்த் தேன்கனிக்கோட்டையை எழுதினேன். இரட்டைக்கொம்பின் மேல்சுழி உயிரோடு இருக்கிறது. 'ண'வின் உள்கோடு மெலிந்திருக்கிறது. பெரியவர் செய்த அதே முடிவுகளை இங்கே இன்னொருவர் செய்திருக்கிறார் என்று பார்த்தபோது மனம் நிறைந்தது.

நோட்டோ சான்ஸ் தமிழ் இன்னும் ஒடுங்கும். அதன் அகல அளவு 62.5 வரை இறங்குகிறது, தடிமன் 900 வரை ஏறுகிறது. ஆனால் அது அடிப்படையில் படிப்பதற்கான எழுத்து. பலகையில் ஒழுங்காக நிற்கும், முழங்காது. அரசு அறிவிப்புக்கு நல்லது, பட்டாசுக் கடைக்குப் போதாது. பலூ தம்பி கனமானது, அழகானது, ஆனால் அகலமானது. இடம் இருக்கும் இடத்தில் மட்டும். மூன்றுமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை.

மே 18 அன்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழ் ஒடுங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இம்பாக்ட் அளவுக்கு ஒடுங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தமிழின் எல்லை அதற்கு முன்பே வந்துவிடுகிறது, இரட்டைக்கொம்பின் சுழி அடைபடும் இடத்தில். அதைத் தாண்டி ஒடுக்கினால் படிப்பவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்கிறோம்.

ஜூன் 2

பாலக்கோடு வாசகர் தன் கடைப் பலகையின் அளவை அனுப்பியிருக்கிறார்: 12 அடிக்கு 3 அடி. கடைப்பெயரில் இரண்டு சொற்கள், இரண்டாவதில் 'ண' உண்டு. எதிர்ப்பக்க நடைபாதை 60 அடி தூரத்தில்.

அமெரிக்கச் சாலைக் கையேடு ஆங்கில எழுத்துக்கு 30 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று கணக்கு வைத்திருந்தது. அதன்படி உங்களுக்கு 2 அங்குலம் போதும். தமிழுக்கு நான் இரட்டிப்பாக வைக்கிறேன், அதுவும் 'க'வின் உடலை மட்டும் அளந்து. உங்களிடம் 3 அடி உயரம் இருக்கிறது. அதனால் அமுக்கவே தேவையில்லை. தமிழை இரண்டு வரியாகப் பிரித்து, அனேக் தமிழில் அகலம் 85, தடிமன் 700 வையுங்கள். கீழே ஆங்கிலம் ஒரே வரியில் ஆன்டனிலோ பெபாஸ் நியூவிலோ. பின்புலம் மஞ்சள் வேண்டும் என்கிறீர்கள், அப்படியானால் எழுத்து கறுப்பு. சிவப்பில் வைத்து வேறு நிற ஓரம் கட்டச் சொல்லாதீர்கள், ஓரம் சுழிகளுக்குள் புகுந்து அடைத்துவிடும்.

அச்சுக்குப் போகும் முன் ஏ4 தாளில் சிறிதாக எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். பலகையில் எழுத்து எத்தனை மடங்கு பெரிதாக வருமோ, 60 அடியை அத்தனையால் வகுத்துத் தள்ளி நில்லுங்கள். 'ண' மூன்று சுழியாகத் தெரியாவிட்டால் அகலத்தை 90க்கு ஏற்றுங்கள். படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.